பில்லுண்ட் வீதியில் ஓர் அமைச்சரவை

எங்கள் நிறுவனத்துக்குப் புது வண்டிகள் வந்திருக்கின்றன. மின்சாரத்தில் ஓடுபவை. சாரதிக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் இடையே ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். பொத்தானை அமத்தினால் மூடிக்கொள்ளும். அதன்பிறகு பின்னால் யார் என்ன கதைத்தாலும் முன்னால் ஒன்றும் கேட்காது. நான் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் பழைய ஆட்களைப் பார்க்கப் போனபோது யோகன் அதை மூடித் திறந்து காட்டினான். யோகன், டென்மார்க்கில் கோப்பன்ஹேகனை அடுத்த டோஸ்ட்ருப்பில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவன். எனக்குப் பின் அங்கே வேலைக்குச் சேர்ந்த தமிழன்.

“இனி நிம்மதி, சூசை அண்ணை. அவையள் பின்னாலை அடிபட்டாலும் எங்களுக்குக் கேக்காது.”

“கேக்காட்டி நிம்மதியெண்டு உமக்கு ஆர் சொன்னது?”

“ஏன், இவ்வளவு காலமும் கேட்டு நீங்கள் என்னத்தைக் கண்டனீங்கள்?”

“ஒருக்கா ஒரு அமைச்சரவையைக் கண்டனான்” என்றேன்.

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். அன்று கொஞ்சம் சொன்னேன். முழுவதையும் எழுதித் தாருங்கள், எங்கள் சங்க மலரில் போடுவோம் என்று அவன் பிடித்த பிடியில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த வழி நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். மன்னாரில் இருந்து வந்தவன். டென்மார்க்கின் மேற்குப் பகுதியான ஜூட்லாந்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் ரப்பர் சப்பாத்தோடு நின்று டேனிஷ் பழகினேன். அதனால்தான் என் டேனிஷில் கெட்ட வார்த்தைகளுக்கு மட்டும் உச்சரிப்புச் சுத்தமாக இருக்கிறது என்று மகள் சொல்வாள். பிறகு கோப்பன்ஹேகனில் ஆஸ்பத்திரித் துப்புரவு, டாக்சி, பெரிய வண்டி ஓட்டும் அனுமதி. அப்படியே பிரேபனிடம் வந்து சேர்ந்தேன்.

மாநாட்டுக்கும் பேச்சுவார்த்தைக்கும் வரும் வெளிநாட்டவர்களை ஏற்றி இறக்கும் சிறிய நிறுவனம் அது. பிரேபன் அதன் முதலாளி. அதற்கு முன் அம்புலன்ஸ் ஓட்டியவர். ஏறுகிற எல்லோரையும் உடம்பு சுகமில்லாதவர்கள் மாதிரி நினைத்து ஓட்டவேண்டும் என்பது அவருடைய கொள்கை. வேலை கேட்டு வருபவர்களை அவர் சோதிக்கும் விதம் விசித்திரமானது. பின் இருக்கையில் ஏறி, தலையை யன்னல் கண்ணாடியில் சாய்த்து, நித்திரை கொள்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, “ஓட்டு” என்பார். எங்கே என்று சொல்லமாட்டார். தலை ஒருமுறை கண்ணாடியில் இடிபட்டால் பேசாமல் இருப்பார். மறுபடி இடிபட்டால் கண்ணைத் திறந்து, “அடுத்த பஸ் தரிப்பில் என்னை இறக்கிவிடு” என்பார். அதோடு அந்த ஆளுக்கு வேலை இல்லை.

என்னுடைய முறை வந்தபோது அவர் உண்மையாகவே நித்திரையாகிவிட்டார். குறட்டை கேட்டது. எழுப்பினால் கோபிப்பாரோ, எழுப்பாவிட்டால் கோபிப்பாரோ தெரியாமல் கடற்கரை வீதியால் வடக்கே ஓடிக்கொண்டே இருந்தேன். ஹெல்சிங்கோரில் வீதி முடிந்துவிட்டது. வண்டி நின்றதும் அவர் விழித்து, எதிர்க்கரையைப் பார்த்தார்.

“அது ஸ்வீடன் அல்லவா?”

“ஓம்.”

“அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. திருப்பு. நாளை காலையில் வா” என்றார்.

அவரிடம் படித்தவை சின்னச் சின்ன விஷயங்கள். ஆட்கள் ஏறுவதற்கு முன்பே வானொலியை நிறுத்திவிட வேண்டும். ஏறிய பிறகு நிறுத்தினால் அவர்கள் பேச்சை நாம் எதிர்பார்ப்பதுபோல் இருக்கும். கதவைப் பின்பக்கமாக நின்று திறக்க வேண்டும். அவர்களாகக் கை நீட்டினால் தவிர யாரையும் தொடக்கூடாது. பைகளை ஏற்றும்போது மருந்து எந்தப் பையில் என்று கேட்டு, அதை மேலே வைக்க வேண்டும். யார் எங்கே இருப்பது என்பதில் நாங்கள் தலையிடக்கூடாது. “இருக்கை என்பது அவர்களுடைய அரசியல். உன்னுடைய அரசியல் ஸ்டியரிங்” என்பார். உள்கண்ணாடியை முகங்கள் தெரியாமல், பின்கண்ணாடி மட்டும் தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் இரண்டு விதிகள். வண்டிக்குள் கண்டதும் கேட்டதும் வண்டியோடு. இறக்கிவிடு என்று ஒருவர் கேட்டால், கட்டணம் கட்டுவது யாராக இருந்தாலும், இறக்கிவிட வேண்டும்.

முதல் விதி எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஒரு வெளிநாட்டு நீதிபதியை ஒரு கிழமை ஏற்றித் திரிந்தேன். வெளியே கல்லுப்போன்ற முகம். கதவு மூடியதும் ஞானப்பாட்டுத் தொடங்கிவிடுவார், அதுவும் முழுக் குரலில். எனக்குத் தெரிந்த ராகம் ஒன்று வந்தபோது வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். சட்டம் படிக்கும் பிள்ளைகள் சிலர் வாசலில் நின்று, “இவர் மிகவும் கண்டிப்பானவராமே, உங்களுக்கு எப்படி?” என்று என்னைக் கேட்டார்கள். “ஆசனப்பட்டி ஒழுங்காகப் போடுவார்” என்றேன்.

டேனிஷ் அமைச்சர்களால் எங்களுக்குப் பெரிய வேலை வராது. அவர்களில் பலர் சைக்கிளில் போய்விடுவார்கள். ஆனால் தேர்தல் முடிந்து கட்சிகள் கூடி அரசு அமைக்கும் நாட்களில், அதைப் பார்த்துப் படிக்க வெளிநாட்டவர்கள் வருவார்கள். பல கட்சிகள் சேர்ந்து ஆளுவது இந்த நாட்டில் சர்வசாதாரணம். வாழ்ந்து பழகிய குடும்பத்தைப் பார்க்கப் புதுத் தம்பதிகள் வருவதுபோல் வருவார்கள். அப்படி வந்தவர்கள்தான் கரீபியன் கடலில் உள்ள ஓர் ஆட்புலத்தைச் சேர்ந்த அந்த ஆறு பேர்.

தீவின் பெயரை எழுதவில்லை. தனிநாடு அல்ல, வேறொரு நாட்டின் கொடிக்குக் கீழே, தனக்கென்று ஒரு சட்டசபையும் முதல்வரும் உள்ள இடம். ஒரு பெரிய தீவு, பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டு கட்சிகள் சேர்ந்தும் ஓர் ஆசனம் குறைந்தது. அந்த ஓர் ஆசனம் சின்னத் தீவில் சுயேட்சையாக வென்ற ஒரு பெண்ணிடம் இருந்தது. மூன்று பகுதியும் சேர்ந்து ஆளுவதென்று கை கொடுத்துவிட்டார்கள். யாருக்கு எந்த அமைச்சு என்பது முடியவில்லை. அதற்குள் முன்பே ஒழுங்கு செய்திருந்த டென்மார்க் பயணத்தின் திகதி வந்துவிட்டது. திரும்பிப் போனதும் கவர்னர் முன் சத்தியப்பிரமாணம். ஆகவே அமைச்சர்கள் தயார், அமைச்சுகள் தயாரில்லை என்ற நிலையில் என் மினிபஸ்ஸில் ஏறினார்கள். அவர்கள் பேசியது தீவு ஆங்கிலம். என் நினைவில் இருப்பது என் தமிழில்தான். அப்படியே எழுதுகிறேன்.

முதல்வராக வர இருந்தவர் அல்பேட். பாடசாலை அதிபராக இருந்தவர். பஸ்ஸில் ஏறினாலும் தலைகளை எண்ணிப் பார்ப்பார். கூட்டாளிக் கட்சியின் தலைவர் டெஸ்மண்ட். வீதியும் கட்டடமும் கட்டிப் பெயர் எடுத்தவர், பெரிய உடம்பு, பெரிய குரல். சுயேட்சைப் பெண் ஐரீன். சின்னத் தீவில் நெடுங்காலம் மருத்துவிச்சியாக இருந்தவர். குள்ளமான உருவம். அவர் பேசும்போது மற்றவர்கள் தாங்களாகவே குனிந்துவிடுவார்கள்.

முதல் நாளே ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. டெஸ்மண்ட் எப்போதும் முன்னால், என் பக்கத்து இருக்கையில்தான் இருப்பார். வேறு யாரும் அதில் இருக்க விடமாட்டார். “முதல்வர் பின்னாலை இருக்கிறார், இவர் முன்னாலை ஏறி இருக்கிறார். கூட்டணி விளங்கீட்டுது” என்று ஐரீன் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. அல்பேட் கேட்காததுபோல் இருந்தார்.

இரண்டாம் நாள் கோப்பன்ஹேகனில் இருந்து விபோர்க் நகருக்குப் பயணம். வழியில் ஜூட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் தீவுக்குப் படகுச்சேவை எப்படி நடக்கிறது என்று காட்ட நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். கார்களும் ஏறும் சிறிய படகு. நல்ல காற்று. மினிபஸ்ஸைப் படகில் ஏற்றி நிறுத்தியதும் ஐரீன் முதல் ஆளாக இறங்கி மேல்தட்டுக்கு ஓடினார். மற்றவர்களும் போனார்கள். டெஸ்மண்ட் இறங்கவில்லை.

“ஐயா, நீங்கள் மேலே போகவில்லையா?”

“இல்லை” என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியாது. இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்திருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. படகு ஒருமுறை தூக்கிப் போட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. வாந்திப் பையைக் கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன். முடிந்த பிறகு துவாயும் கொடுத்தேன்.

“சின்ன வயதில் இருந்தே இப்படி. கார் என்றாலும் முன்னால் இருந்தால்தான் தப்பலாம்” என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். “துறைமுக அமைச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் நான். இதை ஒருவருக்கும் சொல்லாதேயுங்கோ.”

“வண்டிக்குள் கண்டது வண்டியோடு, ஐயா” என்றேன்.

தீவில் இறங்கியும் அவர் நிலைக்கு வரவில்லை. மற்றவர்கள் இறங்குதுறையையும் படகுக்காரர்களையும் பார்க்கப் போக, அவர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு நீள மர வாங்கில் சாய்ந்து இருந்தார். ஐரீன் திரும்பி வந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது. இவ்வளவு சின்ன இடத்துக்கும் ஒழுங்கான படகு ஓடுகிறதே என்று எனக்கே மூச்சுவாங்கச் சொன்னார். வாங்கில் இருந்த டெஸ்மண்டைக் கண்டதும் அந்தப் பிரகாசம் அணைந்தது.

“எங்களை மாதிரிச் சின்னத் தீவுச் சனத்தைப் பார்க்க உங்களுக்கு நேரமில்லை, என்ன?” என்றார்.

டெஸ்மண்ட் என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை விபோர்க்கில் வெயில் நன்றாக எறித்தது. ஹோட்டல் வாசலில் மினிபஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நகரசபையில் பல கட்சிகள் எப்படிக் குழுத் தலைமைகளைப் பங்கிடுகின்றன என்று விளக்கம் கேட்க அவர்களைக் கூட்டிப்போக வேண்டும். ஐரீன் மட்டும் சூட்கேசோடு வெளியே வந்தார்.

“சாரதி, இங்கே கிட்டிய சர்வதேச விமானநிலையம் எது?”

“பில்லுண்ட், அம்மா.”

“அங்கே போவம்.”

கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டிக் காட்டினார். அவர்களுடைய ஊர் வானொலி முந்தின மாலை ஒரு செய்தி போட்டிருந்தது. துறைமுகமும் கடற்போக்குவரத்தும் டெஸ்மண்டுக்கு. கலாசாரமும் விளையாட்டும் ஐரீனுக்கு. யாரோ உள்ளே இருந்து கசியவிட்டிருக்கிறார்கள்.

“கலாசாரம்!” என்றார் ஐரீன். “எங்கட இறங்குதுறை புயலிலை உடைஞ்சு கிடக்குது. பிள்ளைப்பேறுக்குப் போற பெட்டையளைத் திறந்த வள்ளத்திலை, அலைக்குள்ளை, நான்தான் மடியிலை பிடிச்சுக்கொண்டு போறனான். ஒரு பிள்ளை வள்ளத்திலையே பிறந்தது. அந்தச் சனம் எனக்கு வாக்குப் போட்டது கலாசாரத்துக்கோ?”

நான் சூட்கேசைத் தூக்கினேன். அதற்குள் அல்பேட் வாய் துடைக்கும் கடதாசியோடு வாசலுக்கு ஓடி வந்தார். பின்னால் டெஸ்மண்டும் மற்றவர்களும்.

“சாரதி, வண்டியை எடுக்க வேண்டாம்!”

“நான் இந்த நாட்டிலை கைதியோ?” என்றார் ஐரீன்.

அல்பேட் என்னைத் தனியே இழுத்தார். “இவ போனால் எங்களுக்குப் பெரும்பான்மை இல்லை. அரசாங்கமே இல்லை. மறுபடி தேர்தல்தான். தயவுசெய்து வண்டி பழுதெண்டாவது சொல்லுங்கோ.”

பாவமாக இருந்தது. நல்ல மனிதர். பயணத்தை ஒழுங்கு செய்தவர்கள் அவருடைய பெயரில்தான் வண்டியைப் பதிந்திருந்தார்கள். ஆனால் வண்டி பழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரேபனுக்கு அடித்தேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் அவர் பாண் கடிக்கும் சத்தம் கேட்டது.

“அவள் இறங்கிப் போக வேண்டும் என்கிறாள். அப்படியானால் கொண்டு போய் விடு.”

“மற்றவர்கள்?”

“உன்னிடம் எத்தனை இருக்கை சும்மா கிடக்குது?”

“எல்லாமே.”

“அப்ப அவளைக் கேள். அவள் சம்மதித்தால் கதைக்க ஆசைப்படுகிறவர்கள் ஏறட்டும். ஆனால் வண்டி அவள் சொன்ன பக்கமே போகவேண்டும்” என்றார். போனை வைத்துவிட்டார்.

ஐரீனிடம் கேட்டேன். “ஏறட்டும். ஆனால் நான் சொல்லாமல் திருப்பக்கூடாது. இன்னொண்டு, இண்டைக்கு முன்னாலை நான்தான் இருப்பன்.”

ஏறி இருந்துவிட்டார். டெஸ்மண்டின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து கடைசி வரிசைக்குப் போனார். இடம் அங்கே மட்டும்தான் இருந்தது.

விபோர்க்கில் இருந்து தெற்கே போகும் வீதி அழகானது, ஆனால் வளைவும் ஏற்றமும் கொண்டது. இரண்டு பக்கமும் கடுகுப் பூப்போல ராப்ஸ் வயல்கள் மஞ்சளாகக் கிடந்தன. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அல்பேட் எனக்குப் பின்னால் இருந்து, “கொஞ்சம் மெதுவாகப் போகலாமோ?” என்று காதுக்குள் கேட்டார். “இதுதான் இந்த வீதியின் வேகம், ஐயா” என்றேன்.

“ஐரீன், வானொலியிலை வந்தது முடிவில்லை” என்று தொடங்கினார் அல்பேட்.

“முடிவில்லையெண்டால் ஆர் குடுத்தது?”

பின்னால் இருந்து டெஸ்மண்ட் சொன்னார்: “என்ரை ஆக்கள் ஆரோ. நான் குடுக்கச் சொல்லேல்லை. ஆனால் துறைமுகம் எங்களுக்கெண்டு துறைமுகத் தொழிலாளருக்கு நான் வாக்குக் குடுத்தனான். அதையும் யோசியுங்கோ.”

“வாக்கு! நேற்று ஒரு படகை ஏறிப் பார்க்கேல்லை நீங்கள். மேல்தட்டுக்கு வரேல்லை. இறங்குதுறைக்கு வரேல்லை. வாங்கிலை இருந்து கால் ஆட்டிக்கொண்டு இருந்தீங்கள். அந்தப் படகைப் பார்த்து நான் அழுதனான், தெரியுமோ? நீங்கள் திரும்பியும் பார்க்கேல்லை. நேற்றே நான் முடிவெடுத்திட்டன்.”

அமைச்சல்ல, அந்த வாங்குதான் அவருடைய மனதைப் புண்ணாக்கியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்கான காரணம் அந்த வண்டியில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் டெஸ்மண்ட், மற்றவன் நான். ஒரு வசனம் போதும். “அம்மா, அவர் கடலில் சத்தி எடுப்பவர்.” நாக்கு நுனியில் நின்றது. ஒரு தீவின் அரசாங்கமே அந்த ஒரு வசனத்தில் தொங்குவதுபோல் எனக்குப் பட்டது. ஆனால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். நாலு பேர் முன்னால் வீரமாக நிற்பவருக்கு அந்த ஒரு விஷயம் எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று நேரில் கண்டவனும் நான். அவருடைய வெட்கத்தை எடுத்துச் செலவழிக்க எனக்கு உரிமை இல்லை. வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். அந்த வீதியில் ஓட்டியதுபோல் வேறெங்கும் கஷ்டப்பட்டு ஓட்டியதில்லை.

ஐரீன் டெஸ்மண்டைத் திரும்பிப் பார்த்து, “ஏன், வாயில்லையோ?” என்று கேட்டார்.

வாய் இருந்தது. ஆனால் அவர் அதைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தார். கிளைவ் என்ற மெலிந்த மனிதர், முன்பு கிரிக்கெட் விளையாடியவர், டெஸ்மண்டின் கட்சிக்காரர், கடைசி வரிசையில் பக்கத்தில் இருந்தார். அவர்தான் கத்தினார்: “சாரதி, நிப்பாட்டுங்கோ! இவருக்கு ஏதோ செய்யுது!”

பயணிக்குச் சுகமில்லை என்றால் நிறுத்தத்தான் வேண்டும்; அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நல்லவேளையாகப் பக்கத்தில் வீதியோர ஓய்விடம் ஒன்று வந்தது. மரங்களும் மேசைகளும் உள்ள இடம். வண்டி நின்றதும் டெஸ்மண்ட் பாய்ந்து இறங்கி ஒரு பிர்ச் மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் தண்ணீரோடு ஓடினேன். என்னை முந்திக்கொண்டு ஓடியது ஐரீன். கோபம், அமைச்சு, விமானம் ஒன்றும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. ஒரு கையால் அவருடைய நெற்றியைத் தாங்கி, மற்றக் கையால் முதுகைத் தடவினார். “மூச்சை இழுங்கோ. மெல்ல. இன்னும் கொஞ்சம்… கெட்டிக்காரன்” என்றார். பிள்ளை பெறுகிற பெண்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது.

எல்லாம் அடங்கியதும் டெஸ்மண்ட் புல்லிலேயே இருந்துவிட்டார். அவருடைய அழகான கழுத்துப்பட்டி பாழாகியிருந்தது.

“நேற்றும் இதுதான்” என்றார். “படகிலை. நான் மேலை வந்திருந்தால் உங்கள் எல்லாருக்கும் முன்னாலை… அதுதான் வரேல்லை. உங்கட தீவுக்கு நான் வராததும் இதாலைதான், ஐரீன். வள்ளத்தை நினைச்சாலே எனக்கு வயிறு பிரட்டும்.”

ஐரீன் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நேற்று அந்த வாங்கிலை…?”

“எழும்ப ஏலாமல் இருந்தனான்.”

“முன் சீற்றும்?”

“முன்னாலை இருந்தால்தான் வயிறு பேசாமல் இருக்கும்.”

“அட கடவுளே” என்றார் அல்பேட். “நான் இரண்டு இரவாய் அந்தச் சீற்றை நினைச்சு நித்திரை கொள்ளேல்லை!”

முதலில் சிரித்தது ஐரீன். சின்ன உடம்பில் இருந்து அவ்வளவு பெரிய சிரிப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “கடலைக் கண்டால் சத்தி எடுக்கிற துறைமுக அமைச்சர்!” என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் புல்லில் இருந்தவரும் வயிற்றைப் பிடித்தபடி சிரித்தார். “சிரிக்கப் பண்ணாதேங்கோ, திரும்பவும் வரப்போகுது” என்று கெஞ்சினார்.

பக்கத்து மேசையில் ஒரு லொறிச் சாரதி கோப்பி குடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “யார் இவர்கள்?” என்று என்னிடம் டேனிஷில் கேட்டார். என்ன சொல்ல? “ஒரு குடும்பம். சண்டை பிடிச்சவை. இப்ப தீர்ந்திட்டுது” என்றேன். “எங்கள் வீட்டிலும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, தன் பிளாஸ்கில் இருந்த மிச்சக் கோப்பியை டெஸ்மண்டுக்குக் கொடுத்தார். அவர் அதை வாங்கி மணந்து பார்த்துவிட்டு அல்பேட்டிடம் கொடுத்தார்.

பிறகு அந்த மர மேசையைச் சுற்றி இருந்தார்கள். நான் வண்டியடியில் நின்று துடைப்பதுபோல் நடித்தேன். காற்று என் பக்கம்தான் வீசியது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

“கடல் உங்களுக்கு, ஐரீன்” என்றார் டெஸ்மண்ட். “படகுச்சேவை, இறங்குதுறை, எல்லாம். கரையிலை உள்ளது எனக்கு. துறைமுகக் களஞ்சியம், வீதி, கட்டடம். தொழிலாளருக்கு நான் குடுத்த வாக்கு கரையிலை நிக்கிறவைக்குத்தான்.”

“இறங்குதுறை கடலோ கரையோ?”

“அது…” என்று இழுத்தார்.

“நீங்கள் கட்டுங்கோ. எங்கை, எப்படி எண்டு நான் சொல்லுறன்” என்றார் ஐரீன். “சுகாதாரமும் எனக்கு வேணும். மருத்துவிச்சி இல்லாமல் படகை மட்டும் வைச்சு என்ன செய்யிறது?”

அல்பேட் தலையாட்டினார். பிறகு மாணவர்களைப் பார்ப்பதுபோல் சுற்றிப் பார்த்தார். “அப்ப கலாசாரமும் விளையாட்டும்? அதை ஆர் எடுக்கிறது?”

எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். மேசையின் ஓரத்தில் இருந்து கிளைவின் குரல் வந்தது.

“எனக்கு அது முதலே விருப்பம். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”

இவ்வளவு நாளும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்த அமைச்சு அது. அதற்காகவே ஒரு மனிதர் கடைசி வரிசையில் பேசாமல் இருந்திருக்கிறார். அல்பேட் எழுந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். தங்கள் தீவில் இன்னும் விடியவில்லை என்று மற்றவர்கள் நேரம் பார்த்துச் சொன்னார்கள். அல்பேட் பரவாயில்லை என்று போன் அடித்து, கவர்னரின் செயலாளரை நித்திரையால் எழுப்பி, அமைச்சுகளின் பட்டியலைச் சொன்னார்.

ஐரீன் என்னிடம் வந்தார். “சாரதி, இப்ப திருப்பலாம்.” முன் கதவைத் திறந்தேன். அவர் அதில் ஏறாமல், “டெஸ்மண்ட், வாங்கோ, உங்கட சீற்” என்று கூப்பிட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார்.

விபோர்க் நகரசபையில் எங்களுக்காகக் காத்திருந்த அம்மையார் மிகவும் பொறுமைசாலி. கூட்டணிக்குள் பதவிகளைப் பங்கிடுவதில் உள்ள சிக்கல்களைப் படம் போட்டு விளக்கப்போவதாகச் சொன்னார். அல்பேட் பணிவாக, “காலையில் கொஞ்சம் செய்முறைப் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் வருகிறோம்” என்றார். பின்னேரம் பிரேபன் போன் எடுத்தார்.

“பில்லுண்டுக்குப் போனாயா?”

“பாதி வழி. ஒரு பயணிக்குச் சுகமில்லாமல் போச்சு, நிப்பாட்டினேன். பிறகு திருப்பச் சொன்னா.”

“இப்ப சுகமா?”

“எல்லோரும் சுகம்.”

“நல்லது” என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்கமாட்டார் என்று எனக்கும் தெரியும்.

அந்தக் கூட்டணி உடையாமல் நின்றது. நான் ஓய்வுபெற்ற பிறகு, யோகனுக்குச் சொல்வதற்கு முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, கைத்தொலைபேசியில் அந்தத் தீவின் செய்தியைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னத் தீவில் புது இறங்குதுறை திறப்பு விழா. என் மனைவி ரெஜினாவும் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள். திரையில் ஒரு படகு வந்து கரையைத் தொட்டது. அதற்குள் இருந்து ஒரு பெரிய மனிதர் சாம்பல் நிற முகத்தோடு, இரண்டு பேர் தாங்க இறங்கினார். கரையில் நின்ற ஒரு குள்ளமான அம்மா கையில் ஒரு பேசினோடு அவரை வரவேற்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

“இந்தாளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது போல” என்றாள் ரெஜினா.

“அப்பிடித்தான் தெரியுது” என்றேன்.

பெரிய மனிதர் ஒலிவாங்கியைப் பிடித்தார். மூச்சை இழுத்து, மெல்ல விட்டார். பிறகு, தன் ஆயுளில் முதல்முறையாக இந்தத் தீவுக்குப் படகில் வந்ததாகச் சொன்னார். அதன்பின் டென்மார்க்கில் ஒரு மினிபஸ்ஸையும், ஒரு பிர்ச் மரத்தையும், எந்த அமைச்சு யாருக்கு என்று ஒரு புல்வெளியில் முடிவான விதத்தையும் ஒன்றும் மறைக்காமல் சொல்லத் தொடங்கினார். ஐரீன் பேசினைத் தூக்கிக் காட்டினார்.

ரெஜினா திரையை விட்டு என்னைப் பார்த்தாள்.

“டென்மார்க் எண்டு சொல்லுறார். மினிபஸ் எண்டு சொல்லுறார். நீங்களே ஓடினது?”

“ஓம்.”

“என்னட்டைக்கூடச் சொல்லேல்லை.”

“உமக்கும் சொல்லேல்லைத்தான்.”

கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கைத்தொலைபேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். என் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

“இப்பதான் அவரே சொல்லிப்போட்டாரே. இனி நீங்கள் சொல்லுங்கோ, முதலிலை இருந்து.”

விபோர்க் ஹோட்டல் வாசலில் இருந்து தொடங்கினேன்.